சில்லுப் பூட்டிய வீடு

கடந்த தை மாதத்தில் இரண்டு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு நண்பனோடு லிவாப் பாலைவனத்துக்குப் போய்வந்தேன். போகும்போது அவன்மேல் கோபத்தோடு போனேன். திரும்பும்போது அந்தக் கோபம் இருக்கவில்லை. அதன் இடத்தில் ஒரு கேள்வி இருந்தது. அது அவனைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல என்று தெரிந்ததால் இதை எழுதுகிறேன்.

நண்பனும் நானும் வலிகாமத்தில் ஒரே ஒழுங்கையில் பிறந்தவர்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள், ஒரே சனக்கூட்டத்தோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள். அப்போது இருவருக்கும் ஆறு வயது. அடுத்த வருடம் அவனுடைய வீட்டார் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள். பிறகு கொழும்பு, பிறகு கனடா. நாங்கள் கிளாலிக் கடலால் வன்னிக்குப் போனோம். அவன் இன்று பொறியியலாளன். ஸ்காபரோவில் வீடு இருக்கிறது. ஒரு வருட ஒப்பந்தத்தில் அபுதாபிக்கு வந்திருந்தான். நான் துபாயில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் தோசைக்கல்லோடு நிற்கிறேன்.

ஒருநாள் இரவு, கடை பூட்டிய பிறகு, தொலைபேசி எடுத்தான்.

"மச்சான், ரெண்டு நாள் லீவு எடு. கட்டில், அடுப்பு எல்லாம் வைச்ச ஒரு வான் வாடகைக்கு எடுத்திருக்கிறன். லிவாவுக்குப் போவம். ஒரு ஒத்திகை மாதிரி."

"என்னத்துக்கு ஒத்திகை?"

"ஸ்காபரோ வீட்டை விக்கப் போறன். இனி வீட்டிலை இருக்கிறேல்லை. வண்டியிலைதான். கனடா முழுக்க, பிறகு அமெரிக்கா, மெக்சிக்கோ. அங்கை ஆர்.வி. எண்டு சொல்லுவினம். கனபேர் அப்பிடித்தான் இருக்கினம்."

பட்டினி கிடக்கிறவனின் வாசலில் வந்து நின்று ஒருவன் தான் பிடிக்கப்போகும் விரதத்தைப் பற்றிக் கதைத்தால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது எனக்கு. வயிற்றுக்குப் பட்டினியும் விரதமும் ஒன்றுதான். ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. வீட்டை இழந்தவனுக்கு முன்னால், வீட்டை வைத்திருப்பவன் அதைத் தானாக விட்டுவிடலாமா? அது இழந்தவனை அவமதிப்பதாகுமா? விடுமுறை கேட்டு முதலாளிக்கு முன்னால் நின்றபோதும் இந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

*

அவன் எடுத்து வந்த வண்டியை வாடகைக்குக் கொடுத்தவர்கள் 'கரவன்' என்று சொல்லியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் வளைகுடாவில் வேலைசெய்யும் எங்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் வேறு. கட்டடம் எழும்பும் இடங்களில் தகரத்தாலும் பலகையாலும் செய்து வைக்கும் பெட்டி அறைதான் எங்களுடைய கரவன். காவற்காரர் அதற்குள் இருப்பார். சில முகாம்களில் எட்டுப்பேர் படுப்பார்கள். தமிழ்நாட்டுச் சினிமாக்காரரைக் கேட்டால் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் குளிரூட்டிய வண்டி என்பார்கள். பழைய பாரசீகத்தில் அது பாலைவனம் கடக்கும் வணிகக் கூட்டத்தின் பெயர். ஒரு சொல், அதற்குள் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த நாட்டில் நான் அகதி அல்ல. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேர்ந்த நாடல்ல. சவூதி, குவைத், கட்டார், பஹ்ரெய்ன், ஓமான் ஆகியவையும் சேரவில்லை. ஆகவே இங்கே நான் எங்கிருந்து ஓடி வந்தேன் என்பதை எழுதுவதற்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. தொழில், முதலாளி, விசா முடியும் திகதி, இவ்வளவுதான். இங்கே வாழ்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவில் வெளிநாட்டவர். வேலை போனால் வதிவிட அனுமதி போகும். அதன் பிறகு கிடைக்கும் தவணை, விசாவின் வகையைப் பொறுத்துச் சில வாரங்களோ சில மாதங்களோ. கோடீசுவர வியாபாரியும் கோப்பை கழுவுபவனும் இந்த ஒன்றில் கொஞ்சம் ஒத்துப்போகிறார்கள். எல்லோருடைய வீட்டுக்கும் அடியில் கண்ணுக்குத் தெரியாத சில்லு பூட்டியிருக்கிறது. என்னுடையது வீடுகூட இல்லை. இங்கே அதற்குப் 'பெட்ஸ்பேஸ்' என்று பெயர். ஆறடி நீளமான ஒரு கட்டிலுக்கு மாத வாடகை. பெட்டி கட்டிலுக்குக் கீழே.

"நீயும் ஆர்.வி. வாழ்க்கைதான் வாழுறாய்" என்றான் நண்பன், இதைச் சொன்னபோது. பகிடிக்குத்தான் சொன்னான். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

*

அபுதாபியிலிருந்து லிவாவுக்கு ஹமீம் வழியாகப் போகும் வீதியில், இருபுறமும் சொட்டுநீர்க் குழாயில் உயிர் பிடித்து நிற்கும் மர வரிசைகளுக்கு நடுவே, ஒரு வாகனக் காட்சிசாலை இருக்கிறது. கட்டடம் பிரமிட் வடிவம். ஷேக் ஹமத் பின் ஹம்தான் அல் நஹ்யான் சேர்த்த வாகனங்கள். வானவில்லின் ஏழு நிறத்திலும் ஏழு மேர்சிடிஸ் கார்கள் வைத்திருந்ததால் 'வானவில் ஷேக்' என்று பெயர் பெற்றவர் அவர். 1990இல் அவருக்காகக் கட்டப்பட்ட ஒரு கரவன் உலகிலேயே பெரியது என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது. ஐந்து தட்டு. 20 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம், 120 தொன் எடை. எட்டுப் படுக்கையறை, எட்டுக் குளியலறை, நான்கு கார்க் கொட்டில். 24,000 லீற்றர் தண்ணீர் கொள்ளும். பாலைவனத்துக்குள் போகும்போது ஒரு மாளிகையையே இழுத்துக்கொண்டு போவது.

நாங்கள் பார்க்கப் போனது இன்னொன்றை. பூமிப்பந்தின் வடிவில் செய்த ஒரு நடமாடும் வீடு. உண்மையான பூமியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவு. அதாவது விட்டம் ஏறக்குறைய 12.7 மீற்றர். கண்டங்களும் கடல்களும் வெளியே தீட்டப்பட்டிருக்க, உலகமே ஒரு கரவனாக வெயிலில் நின்றது.

நான் இலங்கையைத் தேடினேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்த என் கண்ணுக்கு அது பிடிபடவில்லை. நண்பன் பொறியியலாளன் அல்லவா, கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டான். அந்த அளவில் இலங்கையின் நீளம் 43 சென்ரிமீற்றர். யாழ்ப்பாணக் குடாநாடு விரல் நீளம். நாவற்குழியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை அரைச் சாண்கூட இல்லை. நாங்கள் பதின்மூன்றரை வருடமாக ஓடியது அந்த அரைச் சாணுக்குள்தான். அவன் ரொறன்ரோவுக்குப் பறந்த தூரமோ பந்தைச் சுற்றி மூன்றில் ஒரு பங்கு. இரண்டில் எது பெரிய பயணம் என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

*

அந்த ஷேக்கின் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்த மணலில் கரவன் தேவைப்படவில்லை. ஆட்டு மயிரில் நெய்த கூடாரம் போதும். ஆனால் அவர்களை வீடற்றவர்கள் என்று சொல்லமுடியாது. மாரியில் ஒட்டகங்களோடு மேய்ச்சலுக்குப் போவார்கள். கோடையில் பேரீச்சை பழுக்கும்போது லிவாவின் தோட்டங்களுக்குத் திரும்புவார்கள். சிலர் கோடையில் முத்துக் குளிக்கக் கடலுக்குப் போவார்கள். எந்தக் கிணறு யாருடையது என்பது தெரிந்திருந்தது. நாடோடிக்கு ஊர் உண்டு. அது நீளமான ஊர், அவ்வளவுதான்.

1946இன் முடிவில் வில்பிரெட் தெசிஜர் என்ற ஆங்கிலேயர் பெதுவின்களோடு ஒட்டகத்தில் வெறுமணல் பெருவெளியைக் கடந்து லிவாவின் ஓரம் வரை வந்தார். 1959இல் வந்த 'அரேபிய மணல்கள்' என்ற அவருடைய புத்தகம் இன்றும் வாசிக்கப்படுகிறது. வசதியான குடும்பம், ஈட்டன், ஒக்ஸ்போர்ட். அதையெல்லாம் விட்டுப் பசியையும் தாகத்தையும் தேடி வந்தவர். பிறகு எண்ணெய் வந்தது. அபுதாபியிலிருந்து முதல் எண்ணெய்க் கப்பல் போனது 1962இல். 1977இல் தெசிஜர் திரும்பி வந்து பார்த்தபோது அவருடைய பழைய தோழர்கள் ஒட்டகத்தை விட்டுக் காருக்கு மாறியிருந்தார்கள். அவருக்குத் தாங்கமுடியவில்லை. அவர்களுக்கோ அதில் துக்கப்பட ஒன்றும் இல்லை. அவர் விரும்பித் தேர்ந்த கஷ்டம் அவர்களுக்கு விதிக்கப்பட்ட கஷ்டமாக இருந்தது. வேறு வழி கிடைத்ததும் அதை விட்டார்கள்.

அலைந்தவர்கள் எல்லோருக்கும் அந்த வழி கிடைக்கவுமில்லை. குவைத்தில் 1959இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது பதிவு செய்யாமல் போனவர்களில் பலர் நாடோடிக் குடும்பத்தவர். அறிவித்தல் எட்டாதவர்கள், எழுத்து வாசிப்பு இல்லாதவர்கள், இது எதற்கு என்று விளங்காதவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று 'பிதூன்', இல்லாதவர்கள். ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர். அரசு கேட்டது. கேட்ட நாளில் அவர்கள் மணலுக்குள் இருந்தார்கள்.

இதையெல்லாம் வண்டிக்குள் நண்பனுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவன் நான். வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. சொன்ன காரணம் அவனுக்கு அறிவூட்டுவதல்ல. தெசிஜரைச் சொல்லி அவனைக் குத்துவதுதான். அவனுக்கும் அது விளங்கியது.

*

பின்னேரம் மொரீப் மேட்டுப் பக்கம் போனோம். 300 மீற்றர் அளவு உயரமான மணல் மலை. அங்கே சனம் அதிகம் என்பதால் திரும்பி வந்து, வீதியிலிருந்து சற்று விலகி இறுகிய தரை ஒன்றில் வானை நிறுத்தினான். நிறுத்தினான் என்று சொல்லிவிட முடியாது. முன்னுக்கு எடுத்து, பின்னுக்கு எடுத்து, மூக்கு வீதியைப் பார்க்கும்படி விட்டான். அரைக் கிலோமீற்றருக்கு வேறு வண்டி இல்லை.

"ஏன்ரா இவ்வளவு பாடு?"

"பழக்கம்" என்றான்.

அடுப்பை மூட்டி நான் பருப்பும் சோறும் வைத்தேன். விடுமுறையிலும் சமையல் என்னிடம்தான் வந்து சேர்ந்தது. பொழுது சாயும் நேரம் ஒருவர் நடந்து வந்தார். அருகில் இருந்த இஸ்பாவில், அதாவது ஒட்டகப் பட்டியில், வேலைசெய்யும் வங்காளதேசத்தவர். கையில் ஒரு போத்தல் ஒட்டகப்பால். எங்களிருவருக்கும் பொதுவாக இருந்தது வளைகுடா ஹிந்தி. அவர் வானைச் சுற்றிப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், தண்ணீர்த் தாங்கியைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"உங்களை எந்த முதலாளி அனுப்பினார்? எந்த இஸ்பாவுக்கு?"

கறுத்த இரண்டு பேர் பாலைவனத்தில் ஒரு பெட்டிக்குள் படுக்க வந்திருக்கிறார்கள் என்றால் யாராவது அனுப்பித்தான் வந்திருக்கவேண்டும் என்பது அவருடைய நினைப்பு. யாரும் அனுப்பவில்லை, நாங்களாக வந்தோம், இந்த வண்டிக்கு நாள் வாடகை கட்டுகிறோம் என்றேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு நன்றாகச் சிரித்தார். தன்னுடைய கரவனைக் காட்டினார். தூரத்தில், காற்றுப் போன ரயர்களில் ஒரு பழைய பெட்டி, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. நான்கு வருடமாக அதற்குள் இருப்பதாகச் சொன்னார். சாப்பாட்டுக்கு மறித்தோம். ஒட்டகங்களை எண்ணவேண்டும் என்று போய்விட்டார்.

அவர் போனபிறகு நண்பன் கனநேரம் பேசவில்லை. ஒரே மணல். இரண்டு பெட்டி. அவரும் படுக்கப் போகிறார், நாங்களும் படுக்கப் போகிறோம். வித்தியாசம் என்ன?

நான் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "திரும்பலாமா இல்லையா என்பதுதான் வித்தியாசம். விரதக்காரன் நினைத்த நேரம் சாப்பிடலாம். உனக்குக் கனடாப் பாஸ்போட் இருக்கு, வங்கியிலை காசு இருக்கு. அலுத்தால் இன்னொரு வீடு வாங்குவாய். நீ வீட்டை விடேல்லை. விட்ட மாதிரி விளையாடுறாய்."

அவன் கோபிக்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"மச்சான், அந்த வீட்டிலை மழை பெய்தால் எனக்கு நித்திரை வாறேல்லை. பதினொரு வருசம். கூரையிலை தண்ணி விழுந்தால் எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதிரையிலை இருக்கிறன். அண்டைக்கு ராத்திரி மாதிரி. ஒருநாள் சும்மா காருக்குள்ளை போய் இருந்தன். மழை பெய்யுது, திறப்பு கையிலை இருக்கு. நித்திரை வந்திட்டுது. அதுக்குப் பிறகுதான் இந்த யோசினை."

வான் ஏன் வீதியைப் பார்த்து நின்றது என்று அப்போதுதான் விளங்கியது. தலையணைக்குக் கீழே அவன் வைத்திருந்த பத்திரப் பையையும் பார்த்தேன். அதே மாதிரி ஒரு பை என் கட்டிலுக்குக் கீழே துபாயில் இருக்கிறது.

*

என் பதில் அத்தோடு உடைந்துவிட்டது. அவன் விளையாடவில்லை. விரதமும் பிடிக்கவில்லை. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான். ஓட்டத்துக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறான்.

எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்ற நரியின் கதை எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லப்பட்டது. 1983இல் ஜோன் எல்ஸ்டர் என்ற நோர்வே நாட்டுச் சிந்தனையாளர் அந்தக் கதையின் பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். கிடைக்காது என்று ஆனபிறகு மனம் தன் ஆசையையே மாற்றிக்கொள்கிறது. அப்படி மாறிய ஆசையை அந்த மனிதனுடைய சொந்த ஆசை என்று கொள்ளலாமா என்பது அவருடைய கேள்வி. நண்பனுக்கு நடந்தது அதற்கும் ஒரு படி மேலே. அவனுக்குத் திராட்சை எட்டியது. கையில் வைத்திருந்தான். தின்னமுடியவில்லை.

அப்படியானால், உன் ஆசை உன்னுடையது அல்ல, 1995இன் மழை உனக்குள் வைத்த ஆசை, அதைக் கேட்காதே என்று நான் சொல்லவேண்டுமா? சொல்ல வாயெடுத்தேன். என் ஆசை எங்கிருந்து வந்தது என்ற எண்ணம் தடுத்தது. நான் பத்து வருடமாகக் காசு அனுப்பி ஊரில் எங்கள் பழைய காணியில் ஒரு வீடு கட்டுகிறேன். கிணறு இறைத்தாயிற்று, கூரை போட்டாயிற்று. ஆறு வயதில் அந்த வீட்டைவிட்டு வந்த எனக்கு அதில் என்ன நினைவு இருக்கிறது? ஒரு மாமரம், ஒரு திண்ணை. இழக்காமல் இருந்திருந்தால் அதை விற்றுவிட்டுக் கொழும்புக்கோ இலண்டனுக்கோ போயிருப்பேன். அவனுக்குச் சில்லும் எனக்குச் சுவரும் ஒரே இரவில்தான் முளைத்தன. பிறப்பைப் பார்த்து ஆசையைத் தள்ளுவதென்றால் இரண்டையும் தள்ளவேண்டும். எங்கள் தலைமுறையில் தள்ளவேண்டாத ஆசை ஒன்றுகூட மிஞ்சாது.

கணியன் பூங்குன்றனின் பாட்டைப் புலம்பெயர்ந்த நாங்கள் மேடைகளில் கட்டாத இடம் இல்லை. முதல் வரியைக் கட்டுவோம். எல்லா ஊரும் நம் ஊர் என்பது எங்களுக்கு ஆறுதல். ஆனால் அந்தப் பாட்டுக்குள் பிறகு ஒரு தெப்பம் வருகிறது, மலையாற்று வெள்ளத்தில் அது போன போக்கில் போகிறது. அந்தப் பகுதியை யாரும் பதாகையில் எழுதுவதில்லை. நாங்கள் வந்தது என்னவோ தெப்பத்தில்தான்.

எனக்கு எங்களுடைய தெப்பம் நினைவு வந்தது. 2008 ஒக்ரோபரில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அப்பா வீட்டைக் கழற்றினார். கூரைத் தகரம், நிலை, கதவு, யன்னல், எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். வன்னியில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தருமபுரத்தில் இறக்கிக் கட்டினோம். விசுவமடுவில் இறக்கிக் கட்டினோம். உடையார்கட்டில் பாதிதான் கட்டினோம். இரணைப்பாலையில் கதவைப் பங்கருக்கு மேலே போட்டு மண் மூடினோம். மாத்தளனுக்குப் போகும்போது கையில் பை மட்டும். உலகத்தில் யார் சில்லுப் பூட்டிய வீட்டைக் கண்டுபிடித்திருந்தாலும் நாங்கள் அதில் வாழ்ந்து முடித்துவிட்டோம்.

அந்த முதல் ஏற்றத்தில் ஒரு சின்னச் சம்பவம். அம்மா தன் தையல் மெசினை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். பெட்டியில் இடம் இல்லை என்றார் அப்பா. நானும் இல்லை என்றேன். எனக்குப் பத்தொன்பது வயது, ஆம்பிளைப்பிள்ளை. எதை ஏற்றுவது என்று அப்பாவும் நானும் முடிவெடுத்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மெசினை ஒரு சாக்கால் மூடிவிட்டு வந்து ஏறினார். கிளிநொச்சியைவிட்டு எங்களை ஓடவைத்தவர்கள் எங்களைக் கேட்கவில்லை. அம்மாவை நாங்கள் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. நண்பனிடம் கேட்டேன்:

"வீட்டை விக்கிறதை அவவுக்குச் சொன்னனியோ?"

"யாருக்கு?"

"உன்ரை மனிசிக்கு."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். "சொல்லுவன். முதலிலை ஒத்திகையைப் பாத்திட்டுச் சொல்லுவம் எண்டு..."

அவர் வன்னியில் இடம்பெயர்ந்தவர். நலன்புரி நிலையத்தில் இருந்தவர். தன் பெயரில் திறப்புக் கிடைத்த முதல் வீடு அந்த ஸ்காபரோ வீடு. தொலைபேசியில் ஒருதடவை எனக்குப் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார். பின்வளவில் கோடைக்குப் போடும் கீரைப் பாத்தி, பனிக்காலத்தில் வீட்டுக்குள்ளே தூக்கி வைத்துக் காப்பாற்றும் கறிவேப்பிலைச் சாடி. அவர் அந்தச் சாடியைத் தூக்கிக் காட்டிய விதம் எனக்கு மறக்கவில்லை.

*

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். சுவரா சில்லா என்பது இந்தக் கேள்வியில் முக்கியமில்லை. திரும்பலாமா என்பதும் முழுப் பதிலல்ல. ஏற்றுவதற்கு முன்னால் கேட்டார்களா என்பதுதான் முக்கியம். கேட்கப்பட்டு ஏறியவருக்கு அது பயணம். கேட்கப்படாமல் ஏற்றப்பட்டவருக்கு அதே வண்டி, அதே வீதி, அதே நட்சத்திரம் எல்லாம் இடப்பெயர்வு. ஒரே வானின் முன் ஆசனத்தில் பயணமும் பக்கத்து ஆசனத்தில் இடப்பெயர்வும் இருக்கலாம். பாட்டுப் போட்டுக்கொண்டு போகலாம், ஓட்டுகிறவருக்குத் தெரியவே வராது.

ஒட்டகப் பட்டிக்காரரின் கேள்வியும் இதுதான். யார் அனுப்பினார்? அவருடைய நான்கு வருடத்தையும் எங்களுடைய ஒரு இரவையும் பிரித்தது அந்த ஒரு சொல்.

ஆனால் இதற்குள் ஒரு சிக்கல் உண்டு. வறுமை துரத்தி வந்தவனைக் கேட்டால் நானாகத்தான் வந்தேன் என்பான். கையெழுத்தும் காட்டுவான். நானும் துபாய்க்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத்தான் வந்தேன். கேட்பது என்றால் படிவத்தை நீட்டுவதல்ல. இல்லை என்று சொன்னால் அது நிற்கவேண்டும். இல்லை என்று சொல்லமுடியாத இடத்தில் கேட்டது கேள்வியாகாது. குவைத்தின் பதிவு மேசையும் அப்படித்தான். உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் அம்மாவிடம் அப்போது கேட்டிருந்தாலும், எறிகணைச் சத்தத்துக்குள் அது பாதிக் கேள்வியாகத்தான் இருந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதியையாவது கேட்டிருக்கலாம்.

சிமோன் வெய்ல் 1943இல், பிரான்ஸைவிட்டு இலண்டனில் இருந்தபோது, வேரூன்றுதலைப் பற்றி எழுதினார். அவர் இறந்தபிறகு 1949இல்தான் அது புத்தகமானது. வேர் மனிதனுக்கு எவ்வளவு தேவை என்று சொன்னதற்காக அதை எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அவர் தொடங்குவது வேறிடத்தில். உரிமைக்கு முன்னால் வருவது கடமை என்கிறார். நண்பனுக்கு வீட்டை விடும் உரிமை உண்டா என்று மூன்று நாளாக நான் மண்டையை உடைத்தது பிழையான கேள்வி. உரிமை இருக்கட்டும். அவனுடைய கடமை என்னிடம் இல்லை. எனக்கு அவமதிப்பு என்று நினைத்ததும் என்னுடைய பெருமைதான், இழந்தவன் என்ற பெருமை. அவனுடைய கடமை கறிவேப்பிலைச் சாடி வைத்திருப்பவரிடம் இருக்கிறது.

இதை அவனுக்குச் சொன்னேன். இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. "முதலிலை அவவைக் கேள். மாட்டன் எண்டால் என்ன செய்வாய் எண்டும் யோசி" என்றேன். அவன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நடுச்சாமத்தில் ஒருதரம் கண் விழித்தபோது அவன் நல்ல நித்திரை. திறப்பு கைக்குள் இருந்தது.

*

அடுத்தநாள் திரும்பும் வழியில் அந்தப் பூமிப்பந்தை மீண்டும் கடந்தோம். நிற்கவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு நண்பன் தொலைபேசி எடுத்தான். மனைவியிடம் சொல்லிவிட்டானாம். இரண்டு நாள் அவர் பேசவில்லையாம். மூன்றாம் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "மழைக்குப் பயம் எண்டு எனக்கு ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" அவர் நினைத்திருந்தது, அவன் மழை இரவுகளில் எழும்பியிருந்து வேலை பார்க்கிறான் என்று. வீடு விற்பது பற்றி இன்னும் முடிவில்லை. கதைக்கிறார்களாம். கோடையில் ஒரு மாதம் இருவருமாகப் போய்ப் பார்க்கலாம் என்ற அளவில் நிற்கிறது.

எனக்கும் ஒரு வேலை மிச்சமிருந்தது. ஊர் வீடு முடிகிற நிலையில் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. அம்மா கிளிநொச்சியில் தங்கச்சியோடு இருக்கிறார். வருகிற ஆவணியில் அம்மாவை ஊருக்குக் கொண்டுபோய் இருத்துவது என்று நான் முடிவெடுத்து, நாளும் பார்க்கச் சொல்லியிருந்தேன். சொந்த மண், சொந்தக் கிணறு, வேறென்ன வேண்டும். ஆனால் ஒழுங்கையில் இருந்த பழைய ஆட்கள் பாதிப்பேர் கனடாவில், மீதிப்பேர் இல்லை. அந்த வீட்டில் அம்மா யாரோடு கதைப்பார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பத்து வருடம் காசு அனுப்பியிருக்கிறேன். ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானக் கூட்டம் முடிந்து, சமையலறைப் பின்கதவடியில் நின்றுகொண்டு தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா, ஊர் வீட்டிலை போய் இருக்க உங்களுக்கு விருப்பமோ? இல்லாட்டி கிளிநொச்சியிலை இருக்கிறதோ விருப்பம்? நீங்கள் சொல்லுறதுதான்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

"என்ன திடீரெண்டு?" என்றார்.

"சும்மாதான் கேக்கிறன்."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார் அம்மா.

மூன்று கிழமை ஆகிறது. இன்னும் சொல்லவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.